தையல் மிஷின் டிராயரில் நான்காம் பாகம்

அத்தியாயம் 11

ஒரே நாவலை நாலாக அறுத்துப் படிக்கிற குடும்பம் இது. தொடரை நடுவில் பிடித்தவர்கள் முழிக்க வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுக்கு ஒரு புத்தகம் வரும். ஒரு வருஷம் அப்பா தேர்ந்தெடுப்பார், மறு வருஷம் அக்கா, அதற்கடுத்து தம்பி. அக்காவுக்குப் பயணக் கதை. தம்பிக்கு யாராவது கொலையாக வேண்டும். அப்பாவுக்குக் கதை எதுவானாலும் சரி, தடிமனாக இருந்தால் போதும். ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? முடியாது. அதனால் புத்தகம் வந்த அன்றே முதுகுப் பக்கம் பிளேடு வைத்து நான்கு பாகமாகப் பிரித்துவிடுவார் அப்பா. முதல் பாகத்தை ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போகும். கோடை முடிந்ததும் நான்கையும் சேர்த்துத் தைத்து அலமாரியில் ஏற்றிவிடுவார்கள்.

புத்தகத்தைப் போய் அறுப்பதா என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். முழுசாக இருக்கிற புத்தகங்களை எத்தனை வீட்டில் முழுசாகப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். டிப்போவில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. படிப்பதற்கு அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. முறை மாறியோ பக்கம் தாவியோ படிக்கக் கூடாது. கடைசி ஆள் கடைசிப் பக்கத்தைத் தாண்டும்வரை யாரும் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது, முதலில் முடித்தவர் காத்திருக்க வேண்டும்.

"கடைசி வண்டி ஷெட்டுக்குள்ள வர்ற வரைக்கும் டைம் கீப்பர் வீட்டுக்குப் போக முடியுமா?" என்பார்.

கடைசி வண்டி எப்போதும் தம்பிதான். அக்கா வேகமாகப் படிப்பாள் என்பதால் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். தம்பி பத்து வரிக்கு ஒரு தடவை நின்று வேடிக்கை பார்ப்பவன். அவனுக்கு டவுன் பஸ். பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடவை பொறுமை தாங்காமல் நான்காம் பாகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டி, யார் கொலைகாரன் என்று பார்த்துவிட்டான். அந்தக் கோடை முழுவதும் அப்பா அவனுக்குப் புத்தகமே தரவில்லை. அன்றிலிருந்து நான்காம் பாகம் பூட்டுக்குள் போனது. இப்போது அது அக்காவின் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். அம்மா இல்லாத வீடு. அக்காவின் கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் அப்பாவோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறுவது அக்காதான். தம்பி வெளியூரில் ஏசி மெக்கானிக். ஊரே வியர்க்கிற சமயத்தில் அவனுக்கு யார் லீவு தருவார்கள்? இரண்டு கோடையாக அவன் வரவில்லை. வராததற்கு ஈடாக வீட்டில் ஆளுக்கொன்றாக மூன்று இ-ரீடர் வாங்கி அனுப்பியிருந்தான். போன வாரம் முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்து இறங்கியவன், அந்தப் பார்சல் பிரிக்கப்படாமல் பீரோ மேல் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தான். அங்கேதான் விட்டோம்.

இன்று டயாலிசிஸ் நாள்.

காலையிலேயே அக்காவுக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அவள் வேலை பார்க்கும் ஆல்டரேஷன் கடையில் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பேன்ட்டை எல்லாம் அடி மடிப்பைப் பிரித்து இறக்கித் தைக்க வேண்டும். இனி அரை நாள் லீவு கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்று கடைக்காரம்மா நேற்றே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு பீரோ மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசியை ஊதினான். அடுப்படியில் நின்ற அக்காவுக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு சேர்ந்து கோபமும் வந்தது.

அந்தக் கருவியின் பெருமையை அவன் அடுக்க ஆரம்பித்தான். ஒரு கையால் பிடிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், ஆயிரம் புத்தகத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம். இந்த வருஷம் அப்பா தேர்ந்தெடுத்த அதே நாவல், உப்பு வியாபாரிகள் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, ராத்திரியே சார்ஜ் போட்டு மூன்று கருவியிலும் ஏற்றியாயிற்றாம்.

"மூணு பேரும் ஒரே நேரத்துல படிக்கலாம்க்கா. இந்தக் காலத்துல புத்தகத்தை அறுத்துக்கிட்டு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்."

"காத்திருந்தா என்னடா குறைஞ்சு போச்சு?"

தம்பி பெட்டி மேலிருந்த மீதித் தூசியைத் துடைத்தான். இரண்டு வருஷமாக யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருந்தது அவனுக்குத் தெரியும்.

அக்காவுக்குத் தெரிந்த நியாயம் வேறு. டயாலிசிஸ் படுக்கையில் இடது கையில் ஊசி ஏறிவிட்டால் அந்தக் கையை அசைக்க முடியாது. வலது கை ஒன்றுதான். அந்த ஒரு கையால் எவ்வளவு கனம் தாங்க முடியும் என்று பார்த்துப் பார்த்து இந்த வருஷப் புத்தகத்தை அவளே பிரித்திருந்தாள். பிரித்த பாகம் ஒவ்வொன்றுக்கும் கெட்டி அட்டை வைத்து நூல் கோத்துத் தந்திருந்தாள். அப்பாவின் சட்டை எல்லாவற்றுக்கும் இடது கையில் நீளமாக ஜிப் வைத்துத் தைத்ததும் அவள்தான். ஆஸ்பத்திரியில் நர்சுகள் அந்த ஜிப்பைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, மற்ற நோயாளிகளுக்கும் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா அதுவரை ஜிப் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த சிலேட்டை இப்படிக் கொடு. பார்க்கலாம்."

தம்பிக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்குச் சுருக்கென்றது. போன கோடையில் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் இதே மாதிரி ஒன்றை நீட்டியபோது, 'எவ்வளவு படிச்சேன், எவ்வளவு பாக்கின்னு ஓரத்துல கணக்கு சொல்லிக்கிட்டே இருக்கு, கண்டக்டர் மாதிரி' என்று திருப்பிக் கொடுத்தவர் இவர். சரி, மகன் ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறான், அவன் மனசு நோகக் கூடாது என்று வாங்கிக்கொள்கிறார், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டாள். அப்பா பாதியில் நிறுத்தியிருந்த இரண்டாம் பாகம் கட்டில் மேலேயே கிடந்தது.

வண்டி வந்தது. இருவரும் போனார்கள்.

கடையில் அக்காவுக்குத் தலை நிமிர நேரமில்லை. பழைய மடிப்பைப் பிரித்தால் உள்ளே மங்காத நிறத்தில் ஒரு கோடு தெரியும். அதை அப்படியே விட்டால் பிள்ளை போன வருஷம் எவ்வளவு உயரம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் ஈரத் துணி போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். மதியம்வரை அதையே செய்தாள். தேய்க்கும்போதே கண் சொருகியது. இன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரவில்லை, அந்த மருந்து வாசனை இல்லை, அந்தக் குளிர் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் களைப்பு அப்படியே இருந்தது. இரண்டு வருஷக் களைப்பு ஒரு நாளில் இறங்குமா?

மாலையில் வீட்டுக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது போர்வை. கூடத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்தது.

டயாலிசிஸ் நடக்கும்போது உடம்பு வெடவெடவென்று நடுங்கும் என்பதால் எல்லோரும் வீட்டிலிருந்தே போர்வை கொண்டு போவார்கள். ஒவ்வொரு தடவையும் யார் தூக்கிக்கொண்டு அலைவது என்று அங்கேயே ஒரு அலமாரியில் பெயர் எழுதி வைத்துவிட்டு வருவார்கள். அப்பாவின் போர்வையில் பெயருக்குப் பதில் 'டைம் கீப்பர்' என்று அக்கா நூலால் தைத்திருந்தாள்.

துவைக்கக் கொண்டு வந்திருப்பார். போன மாதம்தானே துவைத்தோம்?

தம்பி டீயோடு வந்தான். அப்பா அறையில் தூங்குகிறார், இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, பயப்பட ஒன்றும் இல்லையாம் என்றான். பிறகு அடக்க முடியாமல் தன் வெற்றியைச் சொல்ல ஆரம்பித்தான். அப்பாவுக்குக் கருவி பிடித்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்தவுடனே பிடித்துக்கொண்டார். ஊசி குத்தியதே தெரியாமல் படித்தார்.

"எந்த இடத்துல இருக்காரு? ரெண்டாம் பாகம் முடிஞ்சுதா?"

"அதெல்லாம் எப்பவோ. முடிச்சே முடிச்சுட்டார்."

"என்னது?"

"முழுசா இல்லக்கா. கடைசி அத்தியாயத்துக்கு நேரா போக முடியுமான்னு கேட்டார். ஒரே தட்டு தட்டினேன், போயிடுச்சு. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படிச்சார். மூடி என் கையில கொடுத்துட்டு, ரொம்ப சௌகரியம்டா, யார்கிட்டயும் கேட்க வேண்டாம்னு சொன்னார். பார்த்தியா, நீ டிராயர்ல பூட்டி வச்சு என்ன பிரயோஜனம்?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

கடைசி அத்தியாயத்தைப் பார்த்ததற்காகப் பெற்ற பிள்ளைக்கு ஒரு கோடை முழுவதும் புத்தகம் தராத மனுஷன். இரண்டாம் பாகத்தின் பாதியில் நின்றுகொண்டு கடைசிப் பக்கத்துக்குத் தாவினார் என்றால், நடுவில் இருப்பதைப் படிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. போர்வையையும் எடுத்து வந்துவிட்டார். நேற்றுவரை அவளிடம் நான்காம் பாகத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாவியை எடுக்கும்போதே அவள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். கேட்க வேண்டாத ஒரு கருவிக்காகக் காத்திருந்திருக்கிறார். அதைத் தம்பி தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"அவர் நிறுத்தப் போறார்டா."

"எதை?"

அவள் போர்வையைக் காட்டினாள். தம்பி போர்வையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல விழுந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவனாகிவிடுவேன். அக்காவின் மனதில் ஒரு கணம் நிம்மதி எட்டிப் பார்த்தது. இனி அந்த வண்டி இல்லை, டாக்டர் சொன்னபடி அப்பாவுக்கு அளந்து அளந்து ஊற்றும் குடிதண்ணீர் இல்லை, கடைக்காரம்மாவிடம் பல்லைக் காட்ட வேண்டாம் என்று மனசு ஒரு நொடியில் ஓடிப் பார்த்துவிட்டு வந்தது. வந்த பிறகு தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அப்பாவின் அறைக்குள் போகும்போது அந்த வெட்கத்தோடுதான் போனாள்.

அப்பா தூங்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இடது கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. ஜிப்பை மூடக்கூட இல்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போர்வையை ஏம்பா கொண்டு வந்தீங்க?"

"சலிச்சுப் போச்சும்மா."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் பழகிடுச்சு. ஒரு நாள் அங்கே, மறுநாள் அந்தக் களைப்புல படுக்கை, அதுக்கு மறுநாள் திரும்ப அங்கே. நடுவுல எனக்குன்னு ஒரு நாள் மிச்சமில்ல. உனக்கும் இல்ல. கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்த்தியா?"

டாக்டரிடம் சொன்னாரா என்று கேட்டாள். இன்னும் இல்லையாம். அடுத்த தடவைக்கு வண்டி வேண்டுமா என்று கேட்டு ஆஸ்பத்திரி டிரைவர் ஒவ்வொரு முறையும் அன்று மாலையே போன் செய்வார். இன்று அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாராம்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும், அதை எடுத்து விளக்க அவளுக்கு வாய் வரவில்லை. கட்டிப்போட்டு வண்டியில் ஏற்ற அவர் என்ன சின்னப் பிள்ளையா? அவர் உடம்பு, அவர் களைப்பு. அதில் தனக்கு எவ்வளவு பாத்தியம் என்று அவளுக்குப் புரியவில்லை. சும்மா ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

"கதையில பெரிய மருமகள் பூட்டி வச்ச அந்த அறையில என்னப்பா இருந்தது?"

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். சொல்ல வாய் திறந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அதெப்படிச் சொல்ல முடியும்? நீ இன்னும் அங்கே வரலியே."

அக்கா அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறை மாறிப் படிக்கக் கூடாது என்ற சட்டத்தை உடைத்துவிட்டார். இன்னொரு சட்டம் இன்னும் உடையாமல் இருந்தது.

அறை வாசலில் தம்பி நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, ஜன்னல் விளிம்பில் இருந்த முதல் பாகத்தை எடுத்தான். அக்கா முடித்துவிட்டு அவன் முறைக்காக எடுத்து வைத்திருந்தது, அவன் வந்த நாளிலிருந்து தொடாமல் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அட்டையைத் திருப்பினான். அவன் கண் நிறைந்திருந்தது. ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்காது.

"முதல்ல முடிச்சவங்க என்னப்பா செய்யணும்?" என்று கேட்டாள் அக்கா.

"காத்திருக்கணும்," என்றான் தம்பி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"எக்ஸ்பிரஸ் பாதி வழியில நிக்குது. டவுன் பஸ் இப்பதான் ஸ்டாண்டை விட்டே கிளம்புதுப்பா," என்றாள் அக்கா.

அப்பா தலையை ஒருக்களித்துத் தரையைப் பார்த்தார். மகன் ஒரு பக்கத்தைத் திருப்பியிருந்தான். திருப்பிய பக்கத்தை மறுபடியும் பின்னால் திருப்பினான். முதல் பத்தியிலேயே நின்றுவிட்டான் போலிருக்கிறது.

"இவன் முடிக்கிறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்," என்றார் அப்பா. எரிச்சலாகத்தான் சொன்னார்.

"வரட்டும்," என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. வற்புறுத்தவும் தெம்பில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அப்பாவின் காலருகில் சரிந்து கிடந்த இரண்டாம் பாகத்தை எடுத்து, அவர் நிறுத்தியிருந்த பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேஜை மேல் போன் அடித்தது. ஆஸ்பத்திரி டிரைவர்.

அக்கா எழுந்திருக்கவில்லை. தம்பியும் அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பேருமே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா முனகிக்கொண்டே புரண்டு, ஊசி ஏறாத கையை நீட்டிப் போனை எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு தரையில் இருந்த மகனை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா, டைம் கீப்பர்தான் பேசறேன்," என்றார். "கொஞ்சம் லைன்ல இருங்க."